விபூதி போட்டுத் தேய்த்த ராஜா

கும்மிடிப்பூண்டியில் இரும்புத் தூளை முகத்தில் அப்பிக்கொண்டு வேலை பார்க்கும் எனக்கு ஒரே ஒரு பைத்தியம் உண்டு. ஆஸ்திரியா நாட்டின் பழைய ராஜா ஒருவர் முகம் போட்ட வெள்ளிக் காசுகளைச் சேர்க்கிறேன். சின்ன வயதிலேயே பட்டத்துக்கு வந்து கிழவராகும்வரை ஆண்டவர் என்பதால், காசுக்குக் காசு அவருக்கு வயதாகிக்கொண்டே போகும். மீசை அரும்பாத ராஜா என்னிடம் இரண்டு பேர் இருந்தார்கள். கன்னமெல்லாம் கிருதா வளர்ந்தவர் ஒருவர். வழுக்கை விழுந்த கிழட்டு ராஜா மட்டும் கைக்குச் சிக்கவே இல்லை. அவருக்காக நான் ஏங்கினேன்.

பொன்னேரியில் எலெக்ட்ரிக் கடை வைத்திருக்கும் ஒருவரிடம் அந்தக் கிழவர் இருப்பதாகத் தெரிந்து போனில் பேசினேன். இளவட்டத்தில் ஒருவரைக் கொடுத்தால் கிழவரைத் தருவதாகச் சொன்னார். ஆனால் காசைத் தேய்த்திருக்கக் கூடாது என்றார். நானும் அதையேதான் சொன்னேன். வெள்ளியில் படிந்த கருப்புதான் எங்களைப் போன்றவர்களுக்கு உயிர். வெள்ளிக்கிழமை எனக்கு வார லீவு, அன்றைக்கே வரச் சொல்லிவிட்டேன். அது ஆடி வெள்ளி என்பது என் மண்டையில் உறைக்கவே இல்லை.

காலையில் டப்பாவைத் திறந்தால் காலி. மூன்று ராஜாக்களும் பெரியபாளையத்து அம்மன் படத்துக்குக் கீழே, நெற்றியில் குங்குமத்தோடு பளபளவென்று மின்னிக்கொண்டிருந்தார்கள்.

"இன்னாடி பண்ணி வச்சிக்கிற?" என்றேன் மனைவியிடம்.

"சாமி வெளக்கு, குங்குமச் சிமிழெல்லாம் தேச்சேன். இதுவும் வெள்ளிதானேன்னு சேத்து விபூதி போட்டு தேச்சிட்டேன். பேஜாரு பண்ணாதீங்க. உங்க ராஜாவுக்கு இப்பதான் மூஞ்சியே தெரியுது."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. வர வேண்டாம் என்று சொல்லப் போனை எடுப்பதற்குள் வாசலில் பைக் வந்து நின்றது.

வந்தவர் சட்டைப் பையின் மேல் வைத்த கையை எடுக்கவே இல்லை. கரண்ட் கட்டைப் பற்றிப் பேசினார், பொன்னேரி மழையைப் பற்றிப் பேசினார். நானும் விடாமல் மழையைப் பற்றியே கேட்டேன்.

"காசு பாக்க வந்தவரை ஒக்கார வச்சிக்கினு இன்னா மழையப் பத்தி பேசறீங்க?" என்று என் மனைவி மூன்று ராஜாக்களையும் தாம்பூலத் தட்டில் வைத்துக் கொண்டுவந்து நீட்டினாள்.

"ஊட்ல தேச்சிட்டாங்க சார்," என்றேன், தலையைக் குனிந்துகொண்டு.

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். கிழட்டு ராஜா கண்ணைக் கூசவைத்தார். வழுக்கையில் குங்குமம், கிருதாவின் இடுக்கில் விபூதி.

"எங்கம்மா சார். நேத்து சாயந்தரம் தேச்சிட்டாங்க. உங்ககிட்ட எப்பிடிச் சொல்றதுன்னு வழியெல்லாம் யோசிச்சிக்கினே வந்தேன்."

இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். காசுகள் கைமாறின. கிழவரின் காதோரம் மட்டும் பழைய கருப்பு துளி மிச்சம் இருந்தது. அதையே ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். என் மனைவியும் எட்டிப் பார்த்தாள்.

"இங்க சரியா தேய்க்கலயே," என்று கையை நீட்டினாள்.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கிழவரைக் கையால் மூடினோம்.