விளக்கு எரியாத வாரம்

கோன் வைண்டிங் பகுதியில் நின்றுகொண்டே வேலை செய்யும் பெண்களில் யாருக்காவது தலை சுற்றினால், மேஸ்திரி காசிநாதன் அவளைப் பஞ்சு மூட்டைமேல் உட்காரவைத்துவிட்டு அவள் இடத்தில் தானே நிற்பார். ஆபீசுக்குச் சொல்லமாட்டார். மணலூர்பேட்டையில் கரும்பு நட்டுப் பிழைத்த குடும்பம் அவருடையது. எஸ்.எஸ்.எல்.சி.யில் இங்கிலீஷ் காலை வாரிவிட, கள்ளக்குறிச்சிக்கு வெளியே இருந்த நூல் மில்லில் கூடை தூக்கச் சேர்ந்து மேஸ்திரியாக உயர்ந்தவர். "மனசு எளகினவரு" என்று பெண்கள் சொல்வார்கள். அந்த இளகிய மனசுதான் அமிர்தத்தின் வேலைக்கு உலை வைத்தது.

அமிர்தம் கல்வராயன் மலை அடிவாரத்துக்காரி. புருஷன் சடையன் கரும்பு வெட்டப் போகிறவன். வேலை இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. மாதாமாதம் சம்பளம் என்ற ஒன்றை அந்த வீட்டில் முதலில் பார்த்தவள் அமிர்தம்தான். சின்னக் குழலில் வரும் நூலைப் பெரிய கோனில் சுற்றுவதும், அறுந்தால் முடிச்சுப் போடுவதும் அவள் வேலை.

எண்பத்தேழாம் வருஷம் ஆடி மாதம் புது மெஷின் வந்து இறங்கியது. அறுந்த நூலை அதுவே தேடிப் பிடிக்கும். இரண்டு நுனியையும் சேர்த்து வைத்துக் காற்றை ஊதும், நூல் ஒட்டிக்கொள்ளும். முடிச்சே இருக்காது. அமிர்தம் நகத்தால் நெருடி நெருடிப் பார்த்தாள்.

"முடிச்சு எங்கடி போச்சு?"

பக்கத்தில் நின்ற ராஜாம்பாள் சொன்னாள்: "முடிச்சுப் போடாமயே சேந்துக்குதாம். நம்ம ஊர்ல இப்பிடி யாரனா சேந்துக்கினா பஞ்சாயத்து வெச்சிடுவானுங்க."

கோயம்புத்தூரிலிருந்து வந்து மெஷினைப் பூட்டியவர்கூடச் சிரித்துவிட்டார்.

சிரிப்பு ரொம்ப நாள் நிலைக்கவில்லை. நூலில் தடிப்போ மெலிவோ வந்தால் மெஷின் அதை வெட்டிவிட்டு ஒட்டிக்கொள்ளும். ஒட்ட முடியாமல் போனால் அந்த இடம் நின்றுவிடும். மேலே ஒரு சிவப்பு விளக்கு எரியும். வந்து பார் என்று கூப்பிடுகிற விளக்கு அது. ஆனால் கண்ணாடி ரூமில் உட்கார்ந்திருந்த மேனேஜர் எத்தனை விளக்கு எரிகிறது என்றுதான் பார்த்தார். பெண்களும் அதைக் கண்டு நடுங்க ஆரம்பித்தார்கள்.

"அது நம்மளப் பத்திக் கோள் சொல்லுதுண்ணா," என்றாள் அமிர்தம் காசிநாதனிடம்.

மேனேஜர் காசிநாதனைக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்: "இதுக்குப் பாதி ஆள் போதும் மேஸ்திரி. ஒழுங்கா ஓட்டிக் காட்டினா அந்தப் பாதியை உங்க லேடீஸ்லயே எடுத்துக்கறேன். இல்லன்னா ஐ.டி.ஐ. படிச்ச பசங்கதான்."

அந்தப் பாதியில் அமிர்தமும் இருக்கவேண்டும் என்று காசிநாதன் மனசுக்குள் முடிவு கட்டிக்கொண்டார்.

புரட்டாசி பிறந்ததும் இட ஒதுக்கீடு கேட்டு சாலை மறியல் தொடங்கியது. ரோட்டுக்குக் குறுக்கே புளியமரங்கள் கிடந்தன. பஸ் இல்லை, லாரி இல்லை. மறியலில் காசிநாதனின் பங்காளிகளும் உட்கார்ந்திருந்தார்கள். அவருடைய மகன் இளவரசன் அந்த வருஷம்தான் காலேஜில் சேர்ந்திருந்தான். அவர்கள் வம்சத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் பிள்ளை. அதனால் அவருக்கும் மனசு அங்கேதான். கால் மட்டும் மில்லுக்கு நடந்தது. அமிர்தமும் ராஜாம்பாளும் ஏரிக்கரை வழியாக, வயல் வரப்பில் இறங்கி ஏறி வந்து சேர்ந்தார்கள்.

"அவங்க வேல வேணும்னு ரோட்ட மறிச்சிக்கினு குந்திக்கிறாங்க. நாம வேல போயிடும்னு வரப்புல ஓடியாறோம்," என்றாள் ராஜாம்பாள்.

ஊருக்குப் போன கோயம்புத்தூர்க்காரர் திரும்பி வர வழியில்லை. நல்ல பஞ்சு ஏற்றிய லாரியும் எங்கோ நின்றுவிட்டது. மூலையில் கிடந்த பழைய பஞ்சைப் போட்டு ஓட்டினார்கள். நூல் மேடும் பள்ளமுமாக வந்தது. மெஷின் வெட்டியது, ஒட்டியது, மறுபடி வெட்டியது. வரிசை முழுக்கச் சிவப்பு. இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடி அமிர்தத்துக்கு மூச்சு வாங்கியது.

"என்ன மேஸ்திரி, தீபாவளி முன்னாடியே வந்துடுச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனார் மேனேஜர்.

மெஷினின் ஓரத்தில் ஒரு பெட்டி, அதில் ஒரு திருகு. நூலில் எவ்வளவு தடிப்பு வந்தால் வெட்டவேண்டும் என்பதை அதுதான் தீர்மானிக்கும். "இது மெஷினோட கண்ணுங்க. இதை மட்டும் தொட்டுடாதீங்க," என்று கோயம்புத்தூர்க்காரர் சொல்லியிருந்தார். பெண்கள் சாப்பிடப் போன நேரம் காசிநாதன் அதைத் தொட்டார். கொஞ்சமாகத் திருப்பினார். இன்னும் கொஞ்சம்.

விளக்குகள் அடங்கின.

திரும்பி வந்த அமிர்தம் வரிசையை ஒருமுறை நடந்து பார்த்தாள். அவள் முகம் மலர்ந்ததை அவர் பார்த்துக்கொண்டே நின்றார்.

"பழகிக்கிச்சுண்ணா. புதுசா ஓட்டியாந்த மாடு மாதிரி மொரண்டு புடிச்சிக்கினு இருந்திச்சி. இப்ப நம்ம கைக்குப் பழகிக்கிச்சு."

"ஆமாம்மா," என்றார் காசிநாதன்.

அந்த வாரம் முழுக்க விளக்கு எரியவில்லை. மேனேஜர்கூட "பரவாயில்லையே" என்றார். நல்ல பஞ்சு வந்ததும், வெட்டுப்படாத தடிப்பு நூல் ஏறிய இந்தக் கோன்களை மறுபடி ஓட்டிச் சரிசெய்துவிடலாம் என்று காசிநாதன் கணக்குப் போட்டிருந்தார். பாதை திறந்த காலையில் திருகைப் பழைய இடத்துக்குத் திருப்பவும் செய்தார். ஆனால் முதலில் வந்து நின்றது பஞ்சு லாரி இல்லை, நூல் ஏற்றப்போகும் லாரி. அவர் குடோனுக்குப் போவதற்குள் கோன்கள் ஏறிவிட்டன.

பத்துப் பதினைந்து நாளில் விசைத்தறிக்காரர்கள் அத்தனையையும் திருப்பி அனுப்பினார்கள். தறியில் பூட்டினால் நூல் நிற்கவில்லை, அறுந்துகொண்டே இருக்கிறது என்றார்கள். கோயம்புத்தூர்க்காரர் மெஷினைச் சோதித்தார். எல்லாம் சரியாக இருந்தது.

"யாராவது கை வெச்சீங்களா?" என்று மேனேஜர் கேட்டார்.

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். காசிநாதன் வாயைத் திறந்தார். இளவரசனின் காலேஜ் ஞாபகம் வந்தது. மூடிக்கொண்டார்.

"மெஷின் சரியா இருக்கு. ஓட்டினவங்கதான் பார்க்கலை," என்று மேனேஜர் முடித்துவிட்டார். அடுத்த மாதம் ஐ.டி.ஐ. பையன்கள் வந்தார்கள். நல்ல பையன்கள். விளக்கு எரிந்தால் பயப்படாமல் போய்ப் பார்த்தார்கள். மெஷின் பிரமாதமாக ஓடியது. நூலுக்குப் பேர் வந்தது. உதவிக்குக் கூப்பிடத்தான் அந்த விளக்கு எரிகிறது என்று பெண்களுக்கு முதல் நாளே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், மேனேஜருக்கும் சொல்லியிருந்தால், என்று காசிநாதன் பிறகு நினைக்காத நாள் இல்லை.

சில வருஷம் கழித்துத் திருக்கோவிலூர் பஸ் ஸ்டாண்டில் அமிர்தத்தைப் பார்த்தார். வெயிலில் கறுத்திருந்தாள். உள்ளங்கையில் கரும்புத் தோகை கிழித்த கோடுகள். சடையனோடு அவளும் கரும்பு வெட்டத்தான் போகிறாள். தப்பித்துப் போய்விடலாமா என்று அவர் நினைத்த நேரம் அவளே ஓடி வந்தாள்.

"மேஸ்திரிண்ணா, எங்களுக்கோசரம் அவ்ளோ பாடுபட்டீங்க. உங்க பேர நான் கெடுத்துட்டேன்."

"நீ இன்னாம்மா பண்ண? அந்த மெஷினு சரியில்ல அமிர்தம்."

"போங்கண்ணா. மெஷினு மேல பழி போடாதீங்க. எனக்குத்தான் பாக்கத் தெரியல." அவள் ஏறவேண்டிய பஸ் நகர ஆரம்பித்தது. படியில் ஒரு காலை வைத்தபடி கேட்டாள்: "புள்ள படிச்சி முடிச்சிட்டானா?"

"முடிச்சிட்டான். ஒதுக்கீட்டுல கவர்மெண்டு வேலயும் கெடச்சிடுச்சி."

"போதும்ண்ணா. ஒருத்தராவது நல்லா இருக்கட்டும்."

இரண்டாவது தடவையாக வாயைத் திறந்தார். அதற்குள் பஸ் முனை திரும்பிவிட்டது.