ஹலோ அக்காவின் ஒத்திகை அழைப்பு

எங்கள் சைபர் குற்றப் பிரிவில் அவருக்குப் பெயர் ஹலோ அக்கா. மாதம் பிறந்தால் போதும், வெளிநாட்டுக் காவல்துறைகளுக்கு வரிசையாகப் போன் போடுவார். "ஹலோ, ஒத்திகைதான், லைன் கிடைக்குதா?" என்று ஆங்கிலத்தில் கேட்பார். "கிடைக்குது" என்று பதில் வரும். அவசரத்துக்கு ஒன்றுக்கொன்று உதவ நாடுகள் செய்துகொண்ட ஏற்பாடு அது; லைன் சரியாக இருக்கிறதா என்று மாதாமாதம் பார்த்துக்கொள்ள வேண்டும். பக்கத்து மேஜைக்காரனான நான் சும்மா இருப்பேனா?

"ஹலோ சொல்றதுக்கும் சம்பளம் குடுக்குறாங்க பாருங்க, நீங்க குடுத்து வச்சவங்கக்கா!"

"வாய மூடிட்டு உன் வேலையப் பாருடா" என்பார், அதையும் மெதுவாகத்தான்.

ஒரு மதியம் தையல்காரம்மா ஒருவர் மகளோடு வந்தார். கல்லூரிப் பெண். அவள் போனுக்குள் எவனோ புகுந்து, படங்களைத் திருடி, சாயங்காலத்துக்குள் வகுப்புக்கே அனுப்புவதாக மிரட்டுகிறான். பாவிப்பயல்! அந்தப் பெண் தலை நிமிரவேயில்லை.

"சாப்பிடல, தூங்கலங்க. இவள தனியா விடவே பயமா இருக்கு" என்றார் அம்மா.

படங்களை அவன் பதுக்கியிருந்த கணக்கு ஒரு வெளிநாட்டு நிறுவனத்தில் இருந்தது. அதை அந்த நாட்டுக் காவல்துறைதான் முடக்க முடியும். அக்கா ஸ்பீக்கரில் அங்கே போன் போட்டார். எடுத்தவர் எங்களுக்குப் பழகிய இருமல்காரர். பேச்சுக்கு நடுவே இருமுவார், அதனால் அந்தப் பெயர். அக்கா வழக்கமான அதே பதமான குரலில் எல்லாவற்றையும் சொன்னார். அவர் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"நல்ல ஒத்திகை! இந்தத் தடவை கதையெல்லாம் சேர்த்திருக்கீங்களே" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வருஷக்கணக்காக ஒத்திகையே பார்த்த மனுஷன், நிஜத்தையும் ஒத்திகை என்று நினைத்துவிட்டார்.

அக்கா மறுபடி போட்டார். "இன்னொரு ஒத்திகையா?" என்றார் அவர். அக்கா எழுந்தேவிட்டார். ஆங்கிலம் எங்கே போனதோ!

"யோவ்! ஒத்திகை இல்லய்யா! ஒரு பொண்ணு என் எதிர்ல உக்காந்திருக்குய்யா!"

தமிழில் இருமல்காரருக்கு ஒரு சொல்கூடத் தெரியாது. ஆனால் அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது. ஒரு இருமல். பிறகு, "சொல்லுங்க, எழுதிக்கிறேன்" என்றார்.

பொழுது சாய்வதற்குள் கணக்கு முடங்கியது. ஒரு படம்கூட வெளியே போகவில்லை. அக்கா விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பெண் நிமிர்ந்து, குடிக்கத் தண்ணீர் கேட்டாள். மிரட்டியவன் பிறகு மூன்றாவதாக ஒரு நாட்டில் பிடிபட்டான்.

அடுத்த மாதம் அக்கா வழக்கம்போலப் போன் போட்டார். "ஹலோ, ஒத்திகைதான், லைன் கிடைக்குதா?"

இருமல் கேட்டது. "கிடைக்குது" என்று வரவில்லை.

"அந்தப் பொண்ணு எப்படி இருக்கா?" என்று கேட்டார்.

அக்காவுக்கு மறுபடியும் ஆங்கிலம் வரவில்லை.

"காலேஜ் போறாய்யா" என்றார்.