சொல்லிவிட்டு வெடித்த சரம்

எங்கள் பள்ளிக்கூட வாட்ச்மேன் பட்டாளத்திலிருந்து திரும்பியவர். முறுக்கிய மீசை, தேய்த்த காக்கிச் சட்டை. திடீரென்று வெடிச்சத்தம் கேட்டால் மட்டும் சுவரோரம் குந்தி, காதைப் பொத்திக்கொண்டு நடுங்குவார். அதனால் கல்யாணமோ தீபாவளியோ, அவரிடம் சொல்லாமல் எங்கள் தெருவில் யாரும் வெடி போட மாட்டார்கள்.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பன்னிரண்டாம் வகுப்பு பாஸானவள் நான். பேப்பரில் நம்பர் வந்த அன்று, மிளகாய்க் காட்டுக்குக் கூலி வேலைக்குப் போகும் அப்பா ஒரு சரம் வாங்கி வந்தார். நான் வாட்ச்மேனிடம் ஓடினேன்.

"மாமா, பாஸாயிட்டேன். அப்பா சரம் வாங்கியாந்திருக்காவ. நீங்க வேண்டாம்னா போடல."

"ஏட்டி, பாஸானவ வெடி போடாம இருப்பாளா? கொளுத்தச் சொல்லு. நானும் நிக்கேன்."

சரம் வெடிக்க, அவர் பள்ளிக்கூட கேட்டின் கம்பியை இரண்டு கையாலும் இறுகப் பிடித்து, வேர்த்துக் கொட்ட, கடைசி வெடிவரை என்னைப் பார்த்துச் சிரித்தபடியே நின்றார்.

பிறகு நான் பட்டமும் வாங்கினேன். எத்தனையோ பேர் வாழ்த்தினார்கள். வாழ்த்து என்றால் எனக்கு இன்றும் அந்தக் கைகள்தான் நினைவுக்கு வருகின்றன.