களியக்காவிளை வரைக்கும் அவசரம்

காலை ஐந்து மணிக்கு நாகர்கோவில் வடசேரியில் பஸ் ஏறும்போதே எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. திருவனந்தபுரம் எழுபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. பஸ் கொல்லம் போகிறது. நான் தம்பானூரில் இறங்கவேண்டும். மடியில் ஓலைக்கூடை, உள்ளே தோவாளைச் சந்தையில் கட்டி வாங்கிய இரண்டு மாலைகள். அக்கா மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் மாலை கழுத்தில் விழுந்தபிறகுதான் பெண் மணவறை ஏறுவாள். அந்தத் தாய்மாமன் நான்தான் என்பதில் அக்காவுக்கு இன்னும் முழுச் சம்மதம் கிடையாது.

காரணம் உண்டு. ஐந்தாம் வகுப்பில் நானும் பள்ளிக்கூடமும் பேசி வைத்துப் பிரிந்தோம். அன்றிலிருந்து வீட்டில் யாரும் என்னை நம்பி ஒரு பொருளைக் கொடுத்துவிட்டதில்லை. இந்த ஒரு தடவைதான். முந்தின நாள் அக்கா போனில், “ஒன்னய நம்பி இங்க மாலைக்கு வேற ஆள்ட்ட சொல்லல. கேட்டியா?” என்றாள். கேட்டதிலிருந்துதான் இருப்புக் கொள்ளவில்லை. பாறசாலை வருவதற்குள் கூடையை ஏழெட்டு தடவை திறந்து முகர்ந்து பார்த்துவிட்டேன். பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து வேறு இடம் போனார்.

ஏழே கால் மணிக்குத் தம்பானூர். எங்கோ நேந்திரங்காய் வறுக்கிற வாசனை. மூக்கு இறங்கியது, பின்னாலேயே நானும் இறங்கினேன். ஐம்பது ரூபாய்க்கு வறுவல் வாங்கிக்கொண்டு ஆட்டோ பிடித்தேன். மண்டபம் கோட்டைப் பக்கம், சாலை பஜார் தாண்டி. குறைந்தபட்சக் கூலி முப்பது ரூபாய் என்று டிரைவர் மீட்டரைப் போட்டார்.

பழவங்காடிப் பிள்ளையார் வந்ததும் ஆட்டோவிலிருந்தே இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டேன். இரண்டு கையும் காலியாக இருந்ததால்தான் கூப்ப முடிந்தது என்பது அப்புறம்தான் உறைத்தது.

“சேட்டா, கூடை! பஸ்ல போயிட்டு. அவசரம், அவசரம்.”

டிரைவர் ஒரு கணம் திரும்பி என்னைப் பார்த்தார், வண்டியையும் திருப்பினார். தம்பானூருக்குப் போனால் பஸ் அப்போதுதான் கிளம்பியிருந்தது. அவர் கையை நீட்டி மீட்டரை அணைத்தார். மீட்டரை அணைக்கிற ஆட்டோக்காரரைப் பார்த்தால் தமிழ்நாட்டுக்காரன் கை தானாகப் பர்ஸைத் தொடும். என் கையும் தொட்டது.

கொல்லம் ரோட்டில் பிடித்தோம் ஓட்டம். பாளையத்தில் பள்ளிவாசல், பிள்ளையார் கோயில், சர்ச் மூன்றும் ஒரே முக்கில் நிற்கின்றன. சிக்னல் விழுந்ததால் நாங்களும் நின்றோம். எனக்குப் பதற்றம் வந்தால் பசிக்கும். வறுவலைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டு அவருக்கும் நீட்டினேன்.

“நோம்பா” என்று சிரித்தார். பெயர் நிஜாம், ரம்சான் மாதம், விடியுமுன் சாப்பிட்டதுதான். பொழுது சாயும்வரை தண்ணீர்கூடக் கிடையாது.

என் வாயில் முழுசாக ஒரு துண்டு இருந்தது. மென்றால் சத்தம் கேட்கும், துப்பினால் மரியாதையில்லை. பட்டம் ஜங்ஷன் வரைக்கும் அதை ஊறப்போட்டுக்கொண்டே போனேன். அது கரைந்ததும், அக்காவைப் பற்றியும் மாலையைப் பற்றியும் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, “நோம்பு காலமல்லே அண்ணாச்சி. இப்போ எனிக்கும் ஒரு அவசரம் கிட்டியல்லோ” என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. பட்டினி கிடக்கிற மனிதர், அவருக்கும் ஏதோ அவசர வேலை, நடுவில் நான் வேறு. “ஒங்களுக்கும் அவசரம்னா என்னை எறக்கி விட்டிருங்க, வேற வண்டி பாக்கேன்” என்றேன்.

“எறங்கண்டா. இந்த அவசரம் ஞான் விடூல.”

அவசரத்தில் இப்படிப் பிடிவாதமா என்று நினைத்துக்கொண்டேன்.

ஸ்ரீகாரியத்தில் நெரிசல். எங்கள் பஸ் நடுவில் மாட்டிக்கொண்டு நின்றது. நிஜாம் கண்டக்டரிடம் சொல்லிக்கொண்டு ஏறினார், நான் பின்னால் போனேன். என் சீட்டில் ஒரு ஆள் கூடைமேல் தலைவைத்து அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். நானாயிருந்தால் வெடுக்கென்று உருவியிருப்பேன். நிஜாம் ஒரு கையால் அவர் தலையைத் தாங்கி, மறுகையால் கூடையை எடுத்து என்னிடம் நீட்டினார். அப்புறம் தன் தோளில் கிடந்த துவர்த்துத் துண்டை மடித்து அந்தத் தலைக்கடியில் வைத்தார். பஸ் துவர்த்தோடு கொல்லம் போனது.

ஒன்பதரைக்கு முகூர்த்தம். ஒன்பதுக்கெல்லாம் மண்டப வாசலில் நின்றோம். ஐந்நூறு ரூபாயை நீட்டினேன். அவர் சட்டைப்பையைப் பொத்திக்கொண்டு முப்பது ரூபாய் மட்டும் கேட்டார். “தம்பானூரில் நின்னு இவிடே வரெ உள்ளது என்டெ ஓட்டம். பாக்கி என்டெ அவசரம்.”

ஒன்றும் புரியவில்லை. “சரி, அவசரம்னா நீங்க கெளம்புங்க” என்று முப்பதைக் கையில் திணித்துவிட்டு உள்ளே ஓடினேன். நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அக்கா கூடையைத் திறந்தாள். ஒரு மாலை நன்றாக இருந்தது. மற்றது ஒரு பக்கம் தட்டையாகியிருந்தது. “இது என்னடே, தலகாணி மாதிரி?” என்றாள். கிட்டத்தட்டச் சரியாகத்தான் சொன்னாள். நல்ல மாலை சரியான நேரத்துக்கு மருமகள் கழுத்தில் விழுந்தது. அக்கா என்னைப் பார்த்துத் தலையை ஒரு தடவை ஆட்டினாள். எனக்கு அது போதும்.

பந்தியில் பக்கத்தில் அத்தான். சாலை பஜாரில் முப்பது வருஷமாக அரிசி மொத்தக்கடை வைத்திருப்பவர். நடந்ததைச் சொல்லி, பாவம், அந்த ஆளுக்கும் என்ன அவசரமோ என்றேன். அத்தானுக்குச் சிரிப்பில் புரையேறியது.

“லேய் மக்கா, அவசரம்னா மலையாளத்துல வாய்ப்புன்னு அர்த்தம். சான்ஸ். ஓடுகதுக்கு இல்ல.”

கடையில் அவரிடம் சாக்கு எடுக்கிற முஸ்லிம் வியாபாரிகள் சொல்லி அவருக்குத் தெரியுமாம். கஷ்டம் என்று வந்து நிற்கிறவன் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் சரி, அவனுக்குச் செய்கிற நல்லது படைத்தவனிடம் போய்ச் சேரும். நோன்பு மாதத்தில் பல மடங்காகச் சேரும். அதனால் வந்து நிற்கிறவன்தான் நமக்கு உபகாரம் செய்கிறான் என்று நினைப்பார்களாம்.

ஆக, என் வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவருக்கு உபகாரம் செய்திருக்கிறேன், அதுவும் கூடையைத் தொலைத்து. இரண்டாவது டம்ளர் பாயசத்தைப் பாதியில் வைத்தேன். மூன்றாவதை வைக்கவில்லை.

சாயங்காலம் தம்பானூரில் ஆட்டோ ஆட்டோவாகக் குனிந்து பார்த்தேன். நிஜாம் இல்லை.

நாகர்கோவில் பஸ்ஸில் இடித்துப் பிடித்து ஜன்னல் சீட்டு வாங்கினேன். வண்டி நகரும்போது காலில் கட்டுப்போட்ட பெரியவர் ஒருவர் ஏறி, கம்பியைப் பிடித்துத் தொங்கினார். நான் எழுந்தேன். கண்டக்டர் நம்மூர்க்காரர். “நாகரோயிலுக்கு இன்னும் எவ்வளவு தூரம் கெடக்கு, அதுக்குள்ள என்ன அவசரம்?” என்றார்.

“இது மலையாளத்து அவசரம், அண்ணே.”

களியக்காவிளையில் தமிழ்நாடு தொடங்கிவிடும், அங்கே அவசரம் பழையபடி நம்ம அவசரமாகிவிடும், அதுவரைக்கும் நின்றால் போதும் என்று கணக்குப் போட்டேன். நெய்யாற்றின்கரையிலேயே கால் கெஞ்சியது. பெரியவர் தூங்கிவிட்டார், தலை ஜன்னல் கம்பியில் இடித்துக்கொண்டே இருந்தது. மாப்பிள்ளை வீட்டில் தாய்மாமனுக்குப் போட்ட ஜரிகைத் துண்டு என் தோளில் கிடந்தது. மடித்துக் கம்பிக்கும் தலைக்கும் நடுவில் செருகினேன்.

களியக்காவிளை வந்தது, போனது. மார்த்தாண்டத்தில் பெரியவர் விழித்து, துண்டைத் தன் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார். கூப்பிட வாயைத் திறந்தேன். பிறகு மூடிக்கொண்டு, அவர் விட்டுப்போன சீட்டில் உட்கார்ந்தேன்.