கேமரா இல்லாத பாலம்

கோவையிலிருந்து பாலக்காடு போகிற நெடுஞ்சாலையில், வாளையாறு தாண்டிய பகுதியைக் கண்காணிக்கிற அறையில் எனக்கு வேலை. சுவர் முழுக்கத் திரைகள். லாரி நடுரோட்டில் நின்றாலும், மாடு குறுக்கே வந்தாலும், யாராவது எதிர்த்திசையில் வந்தாலும் கேமராவே கண்டுபிடித்து மணி அடிக்கும். நான் திரையைப் பார்த்துப் பொத்தானை அழுத்தினால், சாலைக்கு மேலே இருக்கிற பலகை எரிந்து, வருகிற வண்டிகளை முன்கூட்டியே வேகம் குறைக்கச் சொல்லும். முன்பெல்லாம் ஒரு லாரி கவிழ்ந்தால் அரை நாள் நகர முடியாது. பின்னால் வருகிறவர்களும் விவரம் தெரியாமல் வந்து மோதுவார்கள். இப்போது அது வெகுவாகக் குறைந்திருக்கிறது. அந்த வேலையில் எனக்குக் கொஞ்சம் கர்வமே இருந்தது.

அண்ணனின் தோட்டம் அந்தச் சாலையை ஒட்டித்தான். தினமும் காலையில் மொபெட்டில் இரண்டு கேன் பாலைக் கட்டிக்கொண்டு சொசைட்டிக்குப் போவார். சொசைட்டி கூப்பிடு தூரம். ஆனால் முறைப்படி போவதென்றால் நெடுந்தூரம் போய்த் திரும்பி வர வேண்டும். எங்கள் பக்கத்தில் யார் அப்படிப் போகிறார்கள்? ரோட்டுக்கு முன்பே எங்கள் தோட்டம் இருந்தது, நாங்கள் ஏன் சுற்ற வேண்டும் என்பார்கள். அண்ணனும் ஓரமாக எதிர்த்திசையிலேயே போய் வந்தார்.

ஒருநாள் அண்ணனுக்கு அபராத நோட்டீஸ் வந்தது. கூடவே படம். மொபெட், கேன்கள், யாரையோ பார்த்துச் சிரித்தபடி அண்ணன். பிடித்தது கேமரா; பழி எனக்கு. கூடப் பிறந்தவனையே காட்டிக்கொடுத்துவிட்டாள் என்று சொந்தத்தில் எல்லோரும் வாய்க்கு வந்தபடி கேலி பேசினார்கள். வாரம் தவறாமல் என் வீட்டுக்கு வருகிற அண்ணன், அந்த மாதம் முழுக்க வரவே இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அதே சாலையில் தோட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கிற ஓடைப்பாலத்துக் கேமராவை ரிப்பேருக்காகக் கழற்றிக்கொண்டு போனபோது, நானே தோட்டத்துக்குப் போனேன்.

"அண்ணா, பாலத்துல இப்போ கேமரா இல்லீங்க. மறுபடி மாட்டற வரைக்கும் தோப்பு வழியாப் போய் அங்க ஏறிக்குங்க."

"இதை மொதல்லயே சொல்லியிருக்கோணும் அம்மிணி" என்று சிரித்தார். அன்று மாலையே என் வீட்டுக்கு வந்து காபி குடித்துவிட்டுப் போனார். எனக்கு அப்பாடா என்று இருந்தது. வேலையில் சேர்ந்தபோது சொல்லிக்கொடுத்த எதுவும் அப்போது நினைவுக்கு வரவில்லை. ஆபத்து என்றால் எங்களுக்கு அந்த நோட்டீஸ்தான்.

அடுத்த வாரம் மழை பெய்த ஒரு காலையில் நான் வேலையில் இருந்தேன். பாலத்துக்கு இந்தப் பக்கம் இருக்கிற கேமரா மணி அடித்தது. வண்டிகள் நிற்கின்றன. என்னவென்று தெரியவில்லை, பாலத்தில்தான் எனக்குக் கண் இல்லையே. பலகையில் விபத்து எச்சரிக்கை போட்டேன், வண்டிகளை ஒரே தடத்துக்கு மாற்றினேன், ஆம்புலன்சை அனுப்பினேன். எல்லாம் அழகாக நடந்தது. இன்னொரு வண்டி வந்து மோதவில்லை, ஆம்புலன்சும் தடையில்லாமல் போய்ச் சேர்ந்தது. பொறுப்பாளர் என் பின்னால் நின்று பார்த்துவிட்டு, நன்றாகச் செய்தாய் என்றார். அவர் சொல்லி வாய் மூடவில்லை, என் போன் அடித்தது.

லாரிக்காரர் மேல் தப்பில்லை. கேமரா இருந்திருந்தால் அண்ணன் பாலத்தில் ஏறியபோதே மணி அடித்திருக்கும். நான் பொத்தானை அழுத்தியிருப்பேன், பலகை எரிந்திருக்கும், லாரி வேகம் குறைத்திருக்கும். இதை இப்போதும் தினமும் நினைக்கிறேன். கேமராவை மறுபடி மாட்டிவிட்டார்கள். அந்தத் திரையில் யாராவது கேன் கட்டின மொபெட்டில் போனால், பாலத்தைத் தாண்டும் வரை பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

அண்ணனின் காரியம் முடிந்து சொந்தங்கள் தங்கள் ஊரான வடகரப்பதிக்குத் திரும்பிய பிறகு, அண்ணி அந்த நோட்டீசை எடுத்துக்கொண்டு வந்தார்.

"உங்கண்ணன் சிரிச்ச படம் இது ஒண்ணுதான் இருக்குது அம்மிணி. பெரிசு பண்ணி மாட்டோணும்."

நான் வாங்கிக்கொண்டேன். அவர் என் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

"அன்னிக்கு மழையா இருக்குது, சுத்திப் போங்கன்னு சொன்னேன். அம்மிணி சொன்ன வழிதான், ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லீட்டுப் போனாரு."

அவர் குரலில் குற்றம் சொல்கிற தொனியே இல்லை. நான் பத்திரமான வழியைத்தான் காட்டியிருப்பேன், விதிதான் இப்படிச் செய்துவிட்டது என்று நம்பியிருந்தார். கேமரா இல்லாத வழி என்று மட்டும்தான் சொன்னேன் அண்ணி என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர், ரோடு, வண்டி எல்லாவற்றையும் வெட்டிவிட்டு முகம் மட்டும் வருமா என்று கேட்டார்.

வருமுங்க அண்ணி என்றேன். படம் இப்போது அவர் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. நான் இன்னும் சொல்லவில்லை.