தாள்கட்டுக்குக் கீழே

சிவகாசி அச்சகங்களுக்குக் காலண்டர் படம் எடுத்துக் கொடுப்பது என் தொழில். ஆடிப்பெருக்குக்குப் புது மாதிரிப்பட ஆல்பம் வந்தாக வேண்டும் என்பதால், சித்திரை வெயிலிலேயே அடுத்த வருஷத்துக்காக ஓட ஆரம்பித்துவிடுவோம். அந்த முறை, சிவகாசிக்கு வெளியே புதிதாகக் கட்டியிருந்த ஒரு தேவாலயத்தின் உட்புறம் வேண்டும் என்றார்கள். படத்தில் ஆள் இருக்கக் கூடாதாம்.

விருதுநகரிலிருந்து மனைவியும் கூடவே கிளம்பினாள். அவள் மார்பில் இருந்த கட்டியிலிருந்து சதை எடுத்து மதுரையில் பரிசோதனைக்குக் கொடுத்திருந்தோம். முடிவு மறுநாள்.

"வீட்ல தனியா இருந்தா கண்டகண்ட நெனப்பு வரும். நானும் வாரேன்" என்று ஸ்கூட்டரில் ஏறிக்கொண்டாள்.

உள்ளே நுழைந்ததும் அண்ணாந்து பார்த்தேன். அவ்வளவு பெரிய கூடத்தில் ஒரு தூண்கூடக் கிடையாது. கூரை இரண்டு பக்கமும் தரையிலிருந்தே சரிந்து ஏறி, உச்சியில் நீளமான ஒரு கண்ணாடியில் போய் முடிந்தது. அது வழியாக இறங்கிய வெயில் ஒரே ஒரு பெஞ்சின் மேல் விழுந்தது. பள்ளிவாசலில் தொழுது வளர்ந்தவன் நான். எனக்கும் அங்கே குரல் தானாகத் தணிந்தது.

கேமராவை ஸ்டாண்டில் நிறுத்திவிட்டுப் பார்த்தால், சரியாக அந்த வெயிலில் போய் உட்கார்ந்திருக்கிறாள் இவள். வேலை என்று வந்துவிட்டால் நான் சிடுமூஞ்சி.

"எம்புட்டு பெஞ்சு கெடக்கு, அங்கன போய்த்தான் உக்காரணுமா? எந்திரி."

"கதகதன்னு இருக்குங்க. செத்த நேரம் இருந்துக்கிறேனே."

திரும்பாமலேயே சொன்னாள். முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கதவைத் திறந்துவிட்ட, தேவாலயத்தைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை, "அம்மா இருக்கட்டும்யா. வெளிச்சம் போயிரும், நீங்க எடுங்க" என்றார்.

எடுத்தேன். கூரை முழுசாக வர வேண்டுமென்றால் பெஞ்சு படத்தின் அடியில்தான் வரும். அந்த இடத்தில் தேதித் தாள்கட்டை ஒட்டிவிடுவார்கள், அவள் மறைந்துவிடுவாள் என்று சமாதானம் செய்துகொண்டேன். அவளிடம் சொல்லவில்லை.

மறுநாள் நாங்கள் பயந்ததுதான் வந்தது. ஆபரேஷன் செய்தார்கள். மருந்து ஏற ஏற முடியெல்லாம் கொட்டியது. இதற்கு நடுவில் காலண்டரும் அச்சாகி வந்தது. அடுப்படிச் சுவரில் மாட்டினேன். விடிகாலையில் சுபுஹு தொழுதுவிட்டுத் தேதி கிழிப்பது அவள் வழக்கம். அவள் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் நான் கிழித்தேன். கட்டு மெலிய மெலிய, கடைசித் தாளையும் நானே கிழிக்கும்படி ஆகிவிடுமோ என்று தோன்றும். அப்படி ஒரு பயத்தை நான் அதற்குமுன் பட்டதில்லை.

கடைசித் தாளை அவள்தான் கிழித்தாள். அப்போது முடி காதுவரை வளர்ந்திருந்தது. அட்டையை உற்றுப் பார்த்தாள். வெயிலில் உட்கார்ந்திருக்கும் ஒரு முக்காடு.

"இது நாந்தானே? எந்திரி எந்திரின்னு வஞ்சீகளே!"

அவள் சிரித்தாள், எனக்கு அழுகை வந்துவிட்டது.

வழக்கமாகப் பழைய அட்டை அரிசிப் பானைக்கு மூடியாகப் போய்விடும். அன்று சுத்தியலைத் தேடி எடுத்து, புதுக் காலண்டருக்கு வேறொரு ஆணி அடித்தேன்.