நேற்று என்ன மிஞ்சியது?

காலண்டர் அச்சகத்துக்காரர்களுக்கு நடப்பு வருடம் என்று ஒன்று கிடையாது. ஆனி வெயிலில் வியர்த்தபடி வரப்போகும் தைக்கு மேட்டர் எழுதிக்கொண்டிருப்போம். சிவகாசியில் ஆடிப்பெருக்கன்று புது வருடக் காலண்டர்களின் மாதிரி ஆல்பம் இறங்கியாக வேண்டும்.

ஓர் ஆனியில் விருதுநகர் மசாலாப்பொடிக் கம்பெனிக்காரர் ஒருவர் வந்தார். தினசரித் தாளின் அடியில் நாளுக்கு ஒரு சமையல் வேண்டும் என்றார்.

"தாளக் கிழிச்சதும் இன்னிக்கு என்ன செய்யனு பொம்பளைக யோசிக்கவே கூடாது. அம்புட்டும் புதுசா இருக்கணும்."

முதலாளி என்னைக் கைகாட்டினார். "நம்ம மேட்டர்காரர் கவிதையே எழுதுவாரு அண்ணாச்சி. சோறு எழுத மாட்டாரா?"

எழுதினேன். தேங்காய்ச் சாதத்துக்கு நிலாச் சோறு என்று பேர் வைத்தேன். வீட்டிலும் அதே கிறுக்கு. ஒரு காலையில், "இன்னிக்குப் பச்சமொச்சக் கொழம்பு வை" என்றேன்.

மனைவி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஒங்க மேசையில தை மாசம். என் சந்தையில ஆனி. போய்ப் பல்லு வெளக்குங்க."

ப்ரூஃப் பார்த்த கம்பெனிக்காரர் சிரித்தார். ஆனால் அது நல்ல சிரிப்பு இல்லை. "நெலாச் சோறாம்ல! எவ பொங்குவா இத? ஆடிக்குள்ள சரியா வரலைனா வேற பிரஸ் பாத்துக்கிறேன்."

அந்த ஆர்டர் போனால் சீசன் முடிவில் பைண்டிங் பெண்களுக்கு வேலை இராது. அவர்களிடமே போனேன். மதியச் சாப்பாட்டு நேரம்.

"வீட்டுல என்ன சமைப்பீக?"

"என்னத்த... சோறு, கொழம்பு." எல்லோரிடமும் ஒரே பதில்.

அப்போது அவர்களில் முத்துமாரி சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார். வாசம் அறையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது.

"அது என்னம்மா?"

"இதெல்லாம் சொல்லக் கூடாது சார். நேத்து மிஞ்சுன இட்லி. உதுத்துப்போட்டு, கருவாட்டுக் கொழம்பு மிச்சத்த ஊத்திக் கிண்டுனேன்."

"ஏ, எங்க வீட்டுல மாவு புளிச்சா வெங்காயத்தப் போட்டுப் பணியாரமாக்கும்!" என்றார் செல்லத்தாய். அவ்வளவுதான், மடை திறந்துகொண்டது. பழைய சோற்று வடகம், ரசத்து வண்டலில் துவையல், கறிக்குழம்புச் சட்டியில் பிரட்டிய சோறு. என் பேனாவால் ஈடுகொடுக்க முடியவில்லை.

செல்லத்தாய் ஒரு குட்டும் வைத்தார். "மேல அமாவாசனு அடிச்சிட்டு, கீழ முந்தின நாள் கறிக்கொழம்ப மிஞ்ச விட்றாதீக சார். ஊரே சிரிக்கும்."

முழுவதையும் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி எழுதினேன். ஒவ்வொரு தாளும் முந்தைய தாளின் சட்டியிலிருந்து எழுந்தது. ஞாயிற்றுக் கோழிக் குழம்பு திங்கள் தோசைக்குத் தொட்டுக்கொள்ளப் போனது. அமாவாசைக்கு முந்தின நாள் மட்டும் அளவாக உலை வைத்தேன்.

மேட்டர் எழுத வருகிற பிள்ளைகளுக்கு இதைத்தான் சொல்வேன். என்ன சமைப்பீர்கள் என்று கேட்டால் வாய் மூடிக்கொள்ளும். என்ன மிஞ்சியது என்று கேளுங்கள்.

புது ப்ரூஃபைக் கம்பெனிக்காரர் நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டே படித்தார். கடைசித் தாளில் நின்றார். டிசம்பர் முப்பத்தொன்று, புளிச்சோறு.

"இது மிஞ்சுனா என்ன செய்ய?"

முதலாளி தலையைத் தூக்காமல் சொன்னார்: "அது அடுத்த வருசக் காலண்டர்ல வருது அண்ணாச்சி. அதையும் சேத்து ஆர்டர் போட்ருவமா?"